தலைமையாசிரியர் பொறுப்புக்குப் போகிறவரிடம் இருக்க வேண்டிய குணங்கள் எவை?

கரும்பலகை எழுதியது (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேதியியல் முதுகலை ஆசிரியராகப் பணிபுரிந்து வருகிறேன். மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பதவி உயர்வுக்குரிய முன்னுரிமைப் பட்டியலில் இவ்வாண்டு என் பெயரும் இடம்பெற்றிருக்கிறது. கலந்தாய்வில் எந்த ஊர் அமையும் என்று இப்போது சொல்ல முடியாது. அநேகமாக முன்பின் அறிமுகமில்லாத ஊராகவே இருக்கும்.

அலுவல்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. ஊதியப் பட்டியல், பணிப்பதிவேடு, எமிஸ் என்னும் கல்வித்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள், பொதுத்தேர்வு மையப் பணிகள் ஆகியவற்றைக் கேட்டும் பார்த்தும் கற்றுக்கொண்டுவிடலாம். அனுபவமுள்ள இளநிலை உதவியாளர் ஒருவர் அமைந்துவிட்டால் பாதிச் சுமை குறைந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் கவலை குணத்தைப் பற்றியது. நம்முடைய முறையில் இந்தப் பதவி பணிமூப்பின் அடிப்படையில் வருகிறது. நேற்றுவரை தம் பாடத்தையும் தம் வகுப்பையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், ஒருநாள் காலையில் ஒரு பள்ளி முழுவதற்கும் பொறுப்பாளராகிவிடுகிறார். அதற்கேற்ற மனப்பாங்கு அவரிடம் இருக்கிறதா என்று இடையில் எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

நான் பணியாற்றிய பள்ளிகளில் இரண்டு விதமான தலைமையாசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் மிகுந்த கண்டிப்பானவர். அவர் காலத்தில் மணி அடித்தால் மைதானம் வெறிச்சோடிவிடும். ஆனால் அவருடைய அறைக்குள் எவரும் தாமாகப் போய்ப் பேசியதில்லை. இன்னொருவர் மிகவும் மென்மையானவர். எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் அவர் எவரிடமும் எதையும் வற்புறுத்திச் சொல்லாததால், வேலை முழுவதும் மறுப்புச் சொல்லத் தெரியாத சில ஆசிரியர்களின் தலையில் வந்து விழுந்தது. இவ்விருவரில் எவரைப் பின்பற்றுவது என்று கேட்டால் இருவரையும் அல்ல என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அப்படியானால் எப்படி இருக்க வேண்டும்? தலைமையாசிரியராக இருந்தவர்களும், அவர்களின் கீழ்ப் பணிபுரிந்தவர்களும், பெற்றோரும் தங்கள் எண்ணங்களைத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன். நான் செல்லும் பள்ளியில் என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர்கள் இருக்கக்கூடும் என்பதையும் கருத்தில் கொண்டு எழுதுங்கள்.

பணிநிறைவு எழுதியது:

ஐயா, வாழ்த்துகள். உயர்நிலைப் பள்ளியிலும் பின்னர் மேல்நிலைப் பள்ளியிலும் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

கண்டிப்பா, கனிவா என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். அதற்குப் பதிலாக இதைக் கேட்டுப் பாருங்கள்: பள்ளியில் ஏதேனும் தவறாக நடந்தால், அது எவ்வளவு விரைவில் தலைமையாசிரியரின் காதுக்கு வந்து சேர்கிறது? அன்றே, அந்த மணி நேரத்திலேயே வந்து சேர்ந்தால் அவர் நல்ல தலைமையாசிரியர். ஊர் முழுவதும் பேசிய பிறகு, கடைசியாக அவருக்குத் தெரிய வந்தால், அவர் கண்டிப்பானவராக இருந்தாலும் கனிவானவராக இருந்தாலும் அந்தப் பள்ளி அவர் கையில் இல்லை. கெட்ட செய்தியையும் பிறர் தயங்காமல் தம்மிடம் கொண்டுவந்து சொல்லக்கூடிய மனிதராக இருப்பதே இந்தப் பதவிக்கு வேண்டிய முதல் குணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இது பேச்சுக்கு எளிது. நடைமுறையில் எங்கே தவறிப்போகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். முற்பகல் பதினொன்றரை மணிக்குச் சத்துணவு அமைப்பாளர் தயங்கித் தயங்கி அறைக்கு வருகிறார். வேகவைத்த முட்டைகளில் சில கெட்டுப்போயிருக்கின்றன என்கிறார். அதைக் கேட்ட தலைமையாசிரியர், "காலையிலேயே பார்க்காமல் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று குரலை உயர்த்தினால், அடுத்த முறை அந்த அம்மையார் வரமாட்டார். கெட்டவை என்று தமக்குத் தோன்றியவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியைப் பரிமாறிவிடுவார். குழந்தைகளுக்கு வயிற்றுக் கோளாறு வந்த பிறகுதான் செய்தி வெளியே வரும். அதற்கு மாறாக, உடனே எழுந்து சமையலறைக்குச் சென்று, முட்டை பரிமாறுவதை நிறுத்தச் சொல்லி, வாய்மொழியாக விட்டுவிடாமல் பதிவேட்டிலும் எழுதி, மேலிடத்துக்கும் தெரிவித்துவிட்டு, "வந்து சொன்னதற்கு நன்றி அம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். யார் மீது தவறு என்ற விசாரணை மாலையில் நடக்கட்டும், நடக்கவும் வேண்டும். ஆனால் செய்தி கொண்டுவந்தவரிடம் முதலில் வெளிப்படுவது சினமாக இருக்கக் கூடாது. இந்த வரிசைமுறை தானாக வந்துவிடாது. நம்மில் பலருக்குச் சினம்தான் முதலில் வருகிறது. அதைப் பழகித்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

செய்தி வரவேண்டுமானால் கண்ணில் படவும் வேண்டும். காலையில் பள்ளி வாயிலில் நிற்கும் தலைமையாசிரியருக்குத் தெரிபவை, அறைக்குள் அமர்ந்து கையெழுத்திடுபவருக்குத் தெரிவதில்லை. எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வருகிறது, எவன் முகத்தில் வீக்கம் இருக்கிறது, யார் யாரைக் கண்டு ஒதுங்கி நடக்கிறார்கள் என்பதெல்லாம் வாயிலில்தான் தெரியும். தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டு, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை வெறும் வயிற்றோடு வந்தால், அதைக் கண்டுபிடிப்பது நம் கண்கள்தாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் காப்பு 14 வயதோடு முடிந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் தொடர்ந்து சில நாள்கள் வரவில்லை என்றால், பஞ்சாலைக்கு அனுப்பிவிட்டார்களா, திருமணப் பேச்சு நடக்கிறதா என்று அந்த வாரத்திலேயே விசாரித்தாக வேண்டும். நான் இருந்த ஊரில் அப்படி ஒரு மாணவியின் வீட்டுக்கு வகுப்பாசிரியையோடு சென்றிருந்தபோது, தந்தை எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. சட்டத்தைச் சொன்னோம், அவர் அசையவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுவதையும், இப்போது நிறுத்தினால் அந்த வாய்ப்பு போய்விடும் என்பதையும் ஆசிரியை பொறுமையாக விளக்கிய பிறகுதான், உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் பாட்டி வெளியே வந்து பேசத் தொடங்கினார். அடுத்த வாரம் அவள் பள்ளிக்கு வந்தாள். அன்று பேசியது ஆசிரியை. நான் உடன் சென்றேன், அவ்வளவுதான். ஆனால் தலைமையாசிரியர் உடன் வருவார் என்ற நம்பிக்கை இருந்ததால்தான் அந்த ஆசிரியை செய்தியை என்னிடம் கொண்டுவந்தார்.

கடைசியாக, எல்லாவற்றிலும் கடினமானது. பாலியல் துன்புறுத்தல் பற்றிய புகார் வரும்போது, பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்ற எண்ணம் ஒரு நொடிகூட மேலோங்கக் கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தமக்குக் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. சமரசம் பேச நமக்கு அதிகாரமே இல்லை. 1098, 14417 ஆகிய உதவி எண்கள் சுவரில் எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது. பிள்ளைகள் அவற்றை அழைத்தால் தலைமையாசிரியர் தம்மைக் கோபிக்கமாட்டார் என்று நம்பும்படி நாம் நடந்துகொள்ள வேண்டும்.

ஏழாம்பாடவேளை எழுதியது:

பணிநிறைவு ஐயா எழுதியதை மதிக்கிறேன். ஆனால் ஆசிரியர் அறையிலிருந்து பார்க்கும்போது வரிசை சற்று மாறுகிறது. நான் பட்டதாரி ஆசிரியை, கணிதம் கற்பிக்கிறேன். தலைமையாசிரியரிடம் ஒரு செய்தியைக் கொண்டுபோகலாமா வேண்டாமா என்று ஆசிரியர்கள் முடிவு செய்வது, அவர் சினப்படுவாரா என்பதை மட்டும் வைத்து அல்ல. அவர் பாரபட்சம் இல்லாதவரா என்பதை வைத்துத்தான். இனிமையாகப் பேசி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பிறகு தமக்கு வேண்டியவர் பக்கம் சாய்ந்துவிடும் தலைமையாசிரியரிடம் இரண்டாம் முறை யாரும் வாய் திறப்பதில்லை.

நடுநிலை என்பது பெரிய நிகழ்ச்சிகளில் வெளிப்படுவதைவிடச் சின்னச் சின்ன ஒதுக்கீடுகளில்தான் வெளிப்படுகிறது. கால அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். மதிய உணவுக்குப் பிறகு வரும் பாடவேளைகள், அதிலும் கடைசிப் பாடவேளை, கணிதம் நடத்துவதற்கு மிகக் கடினமானவை என்பது எல்லோருக்கும் தெரியும். அவை ஆண்டுதோறும் ஒரே ஆசிரியருக்கே வந்து சேர்ந்தால், அது தற்செயல் என்று எவரும் நம்பமாட்டார்கள். விடுப்பிலிருப்பவரின் வகுப்புக்கு யாரை அனுப்புவது என்பதும் அப்படியே. நான் பணிபுரிந்த ஒரு பள்ளியில், மறுப்புச் சொல்லாதவர்கள் என்று பெயர் வாங்கிய மூன்று பெண் ஆசிரியர்கள்தாம் எப்போதும் பதில் வகுப்புகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்குக் கட்டுரை ஏடுகளைத் திருத்தக்கூட ஓய்வு வேளை கிடைக்கவில்லை. பின்னர் வந்த தலைமையாசிரியை செய்தது ஒன்றே ஒன்றுதான். பதில் வகுப்புகளுக்கு ஒரு குறிப்பேடு போட்டு, யார் எத்தனை வகுப்புக்குச் சென்றார்கள் என்பதை ஆசிரியர் அறையில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். தம் பெயரையும் அதில் சேர்த்துக்கொண்டார். எவரையும் கடிந்துகொள்ளவில்லை. ஒரு மாதத்துக்குள் ஆசிரியர் அறையின் பேச்சே மாறிவிட்டது.

அவர் தம் பெயரைச் சேர்த்துக்கொண்டது பெயரளவுக்கு அல்ல என்பதையும் குறிப்பிட வேண்டும். அவர் ஏழாம் வகுப்புக்கு வாரந்தோறும் ஆங்கிலம் நடத்தினார். அவருடைய ஏடு திருத்தும் வேலையும் எங்களுடையதைப் போலவே நிலுவையில் நிற்கும். வகுப்பறையை முற்றிலும் விட்டுவிட்ட தலைமையாசிரியருக்கு, ஒரு பாடவேளை என்பது எவ்வளவு குறுகியது என்பது சில ஆண்டுகளில் மறந்துபோகிறது. அதன் பிறகுதான் பாடவேளையின் நடுவே, எமிஸில் ஒரு விவரம் உடனே ஏற்ற வேண்டும் என்று ஆளனுப்பி அழைக்கும் பழக்கம் வருகிறது. மேலிடத்திலிருந்து அவசரம் என்று வரும் தகவல் கோரிக்கைகளில் எவை உண்மையிலேயே அவசரமானவை, எவை மாலை வரை காத்திருக்கக்கூடியவை என்று பிரித்தறிந்து, ஆசிரியரின் பாடவேளையைக் காத்துக் கொடுப்பவரே எங்கள் பார்வையில் நல்ல தலைவர்.

கண்டிப்பைப் பற்றியும் ஒரு சொல். கண்டிப்பு வேண்டாம் என்று எந்த ஆசிரியரும் சொல்லமாட்டார். நாள்தோறும் தாமதமாக வருபவரைக் கண்டிக்காமல் விடுவது, நேரத்துக்கு வருகிறவர்களை அவமதிப்பதாகும். ஆனால் கண்டிப்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில், பிள்ளைகளின் முன்னால், ஒலிபெருக்கியில் ஓர் ஆசிரியரின் பெயரைச் சொல்லிக் கடிந்தால், அந்த ஆசிரியர் அன்று முதல் வகுப்புக்குள் எந்த முகத்தோடு நுழைவார்? அறைக்கு அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, எவ்வளவு கடுமையாகவும் சொல்லுங்கள், பொறுத்துக்கொள்வோம். பாராட்டுக்கு மட்டும் ஒலிபெருக்கியைப் பயன்படுத்துங்கள்.

பெண் ஆசிரியர்கள் மிகுதியாக உள்ள பள்ளிக்குச் செல்ல நேர்ந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். முதல் வாரத்திலேயே கழிப்பறையையும் தண்ணீர் வசதியையும் நேரில் போய்ப் பாருங்கள். மாணவியருக்கான கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கின் எரியூட்டி இயங்குகிறதா என்பதை யாரும் உங்களிடம் வந்து சொல்லமாட்டார்கள். கூச்சத்தால் சொல்லப்படாதவற்றைத் தாமாகக் கேட்டறிவதும் ஒரு குணம்தான்.

மேலாண்மைக்குழுப் பெற்றோர் எழுதியது:

நான் ஆசிரியர் அல்லன். என் இரு பிள்ளைகளும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். பெற்றோர் தரப்பிலிருந்து சுருக்கமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் பெரும்பாலோர் கூலி வேலைக்குச் செல்கிறவர்கள். பள்ளிக்கு வருவதென்றால் ஒருநாள் கூலி போய்விடும். அப்படி வந்த தாயையோ தந்தையையோ நிற்க வைத்துப் பேசுவதா, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வதா என்பதில் தலைமையாசிரியரின் குணம் முழுவதும் தெரிந்துவிடும். முன்பு இருந்த ஒருவர், மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்த ஒரு தந்தையை, நாளை வா, நாளை வா என்று ஒருமையில் பேசித் திரும்பத் திரும்ப அலைய விட்டார். மகனின் முன்னால் அது நடந்தது. இப்போது இருப்பவர், கையெழுத்துப் போடத் தெரியாத பெற்றோரையும் 'வாங்க அம்மா, சொல்லுங்க' என்றுதான் அழைக்கிறார். எந்தச் சான்றிதழ் எந்த நாளில் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். இருவருக்கும் ஒரே பள்ளி, ஒரே விதிமுறைகள்தாம்.

கல்வி உரிமைச் சட்டம் மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அப்படித்தான் குழு அமைந்திருக்கிறது. ஆனால் கூட்டத்தை வேலை நாளில் நண்பகலில் வைத்துவிட்டு, பின்னர் தீர்மானப் புத்தகத்தை வீடு வீடாக அனுப்பிக் கையெழுத்து வாங்கினால் குழு இருந்தும் இல்லாததுதான். எங்கள் தலைமையாசிரியர் பெண் உறுப்பினர்களிடம் எந்த நேரம் வசதிப்படும் என்று கேட்டுக் கூட்டம் வைக்கிறார். வரவு செலவைக் கூட்டத்தில் உரக்க வாசிக்கச் சொல்கிறார். சுற்றுச்சுவர் பழுதுபார்த்ததற்கு எவ்வளவு செலவானது என்று கேட்டால் முகம் சுளிப்பதில்லை, ரசீதைக் காட்டுகிறார். பணத்தில் கேள்வி கேட்கப்படுவதை அவமானமாகக் கருதாத குணம் மிகவும் அரிது என்பது என் அனுபவம்.

கரும்பலகை எழுதியது:

மூவருக்கும் நன்றி. பதில் வகுப்புக் குறிப்பேட்டையும், கூட்ட நேரத்தைப் பற்றிச் சொன்னதையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

இரண்டு செய்திகளில் இன்னும் தெளிவு வேண்டும். முதலாவது, தேர்ச்சி விழுக்காடு. மாநில, மாவட்ட அளவில் முதலிடம் பெற்றவர்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் அரசு நிறுத்திவிட்டது. ஆயினும் பள்ளிவாரித் தேர்ச்சி விழுக்காட்டை வைத்துத் தலைமையாசிரியரை மதிப்பிடுவது நிற்கவில்லை. மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டிய நாளில் மனத்திடம் எங்கிருந்து வரும்? இரண்டாவது, சாதி. தென் மாவட்டத்தில் இடம் கிடைத்தால் அங்கே எப்படி நடந்துகொள்வது என்று சிலர் இப்போதே எச்சரிக்கிறார்கள். எச்சரிக்கையாக இருங்கள் என்று சொல்கிறார்களே தவிர, எப்படி என்று எவரும் சொல்வதில்லை.

தாமிரபரணிக்கரை எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். திருநெல்வேலிப் பகுதியில் தலைமையாசிரியராகப் பணியில் இருக்கிறேன். எந்தப் பள்ளி என்று குறிப்பிட விரும்பவில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை எல்லோரும் அறிவோம். பட்டியலினத்தைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவரை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. தமக்கு நேர்ந்த துன்புறுத்தலை அந்த மாணவர் பள்ளியில் தெரிவித்த பிறகே தாக்குதல் நடந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. அதைப் படித்த நாளிலிருந்து என் மனத்தை அறுத்துக்கொண்டிருப்பது இந்தச் செய்திதான். ஒரு பிள்ளை நம்மை நம்பி வந்து சொல்லும்போது, அந்தச் சொல் யார் யார் காதுக்குப் போகிறது, எந்த நேரத்தில் போகிறது என்பது அந்தப் பிள்ளையின் உயிரோடு தொடர்புடையது. பணிநிறைவு ஐயா சொன்னதைப் போலச் செய்தி நம்மிடம் வந்து சேர்வது முதல் படி. வந்த செய்தியைக் காப்பது அதற்கடுத்த படி. அதுவே இங்கே பெரிய படி. குற்றம் சாட்டப்பட்டவர்களை உடனே அழைத்து, புகார் கொடுத்தவனையும் பக்கத்தில் நிறுத்தி, கைகுலுக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவது நல்லெண்ணத்தில் செய்யப்படும் கொடுமை. நான் முதலில் செய்வது, புகார் கொடுத்த பிள்ளையின் பெற்றோரிடம் பேசி, அவன் வீட்டுக்குப் போகும் வழியும் பேருந்தும் பாதுகாப்பானவையா என்று பார்ப்பதுதான். விசாரணை அதற்குப் பிறகு. தேவையானால் காவல்துறைக்கும் தயங்காமல் எழுதிவிடுவேன்.

அந்நிகழ்வுக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் நெற்றிக் குறிகளையும் தடை செய்வது, உதவித்தொகை விவரங்களை வகுப்பில் வெளிப்படையாக வாசிக்காமல் இருப்பது முதலான பல பரிந்துரைகள் அதில் இருந்தன. ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அப்பகுதிப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக அமர்த்த வேண்டாம் என்பதும் அவற்றுள் ஒன்று. இந்தப் பரிந்துரையைப் படித்தபோது எங்களில் சிலருக்கு வருத்தம் ஏற்பட்டது. எனக்கு ஏற்படவில்லை. நாம் நடுநிலையாளர் என்று நாமே சொல்லிக்கொள்வதை நம்ப வேண்டிய கட்டாயம் எந்தப் பிள்ளைக்கும் இல்லை. நம் நடத்தையைப் பார்த்துத்தான் நம்புவார்கள்.

நடத்தை என்று சொன்னதைச் சற்று விளக்குகிறேன். ஊருக்குப் புதிதாகப் போனதும், உள்ளூர்ப் பெரியவர்கள் சிலர் வந்து சால்வை போர்த்துவார்கள். அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு அழைப்பார்கள். எந்தத் தெருவுக்குப் போகிறீர்கள், எந்தத் தெருவுக்குப் போகவில்லை என்பதை ஊர் முழுவதும் கவனிக்கும். எல்லாத் தெருவுக்கும் போங்கள், அல்லது எந்த வீட்டு விசேஷத்துக்கும் போகாதீர்கள். பள்ளியிலும் தண்ணீர் கொண்டுவர, கூட்டிப் பெருக்க, நாற்காலி தூக்க என்று எந்தப் பிள்ளைகளை ஆசிரியர்கள் அழைக்கிறார்கள் என்று ஒரு வாரம் பேசாமல் கவனியுங்கள். உங்களுக்கே பல உண்மைகள் விளங்கும். பிறகு அதை நிறுத்துங்கள். நிறுத்தும்போது ஆசிரியர்களிடமிருந்தே எதிர்ப்பு வரலாம். அந்த ஓரிடத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பணிநிறைவு எழுதியது:

தாமிரபரணிக்கரை ஐயா எழுதியதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

விழுக்காட்டை உயர்த்துவதற்குக் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது என்பது நம் துறையில் எல்லோருக்கும் தெரியும். பத்தாம் வகுப்பில் தேறமாட்டான் என்று தோன்றும் பையனை ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்திவைப்பது, அல்லது பெற்றோரை அழைத்து மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளச் சொல்வது, தனித்தேர்வராக எழுதட்டும் என்று அறிவுரை சொல்வது. அப்படிச் செய்தால் நூறு விழுக்காடு என்று வாயிலில் பதாகை கட்டலாம். ஆனால் வெளியே அனுப்பப்பட்ட பையன் எந்தக் கணக்கிலும் வரமாட்டான். இந்த வழியை ஒருபோதும் தொடுவதில்லை என்று பொறுப்பேற்பதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். நெருக்கடி வந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று விட்டால், நெருக்கடியே நமக்காக முடிவெடுத்துவிடும்.

மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நிற்கும்போது திடம் எங்கிருந்து வரும் என்று கேட்டீர்கள். விவரம் தெரிந்திருப்பதிலிருந்து வரும். தேறாத பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரும், எந்தப் பாடத்தில் பின்தங்கினார்கள், எப்போதிலிருந்து பின்தங்கினார்கள், துணைத்தேர்வுக்கு யார் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதும் கையில் இருந்தால், முதன்மைக் கல்வி அலுவலரே உட்காரச் சொல்லிவிடுவார். அவர் கடிந்துகொண்டாலும் அந்தக் கடுஞ்சொல்லை அப்படியே பள்ளிக்குச் சுமந்துவந்து பாட ஆசிரியரின் மீது இறக்காதீர்கள். மேலிருந்து வரும் அழுத்தத்தைத் தாம் வாங்கிக்கொண்டு, கீழே வேலையை மட்டும் பகிர்ந்து தருபவரிடம்தான் ஆசிரியர்கள் மனமுவந்து உழைப்பார்கள். தேர்ச்சி நன்றாக வந்த ஆண்டில் மேடைக்கு அவர்களை அனுப்புங்கள்.

மூத்த ஆசிரியர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவர்களிடம் முதல் மாதத்தில் எதையும் மாற்றப்போவதாக அறிவிக்க வேண்டாம். இந்தப் பள்ளியில் நன்றாக நடப்பவை எவை, நான் கெடுத்துவிடக் கூடாதவை எவை என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேளுங்கள். பிறர் இருக்கும்போது கேட்டால் புகழ்ச்சியும், தனியே கேட்டால் உண்மையும் கிடைக்கும். உதவித் தலைமையாசிரியருக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்தால் முழுமையாகக் கொடுங்கள். கொடுத்துவிட்டு நாள்தோறும் அதில் கை வைத்தால், அவர் இரண்டு வாரத்தில் அதைத் திருப்பி உங்கள் மேசையிலேயே வைத்துவிடுவார்.

பொறுப்பேற்கும் நாளைப் பற்றியும் ஒரு குறிப்பு. முன்னவர் அவசரமாகக் கிளம்ப வேண்டியவராக இருப்பார்; ஒப்படைப்புப் பட்டியலில் கையெழுத்துக் கேட்பார். ஆய்வகப் பொருள்கள், நூலகப் புத்தகங்கள், விலையில்லா மிதிவண்டிகளின் இருப்பு, பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கின் வங்கிப் புத்தகம் ஆகியவற்றை எண்ணியும் ஒப்பிட்டும் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். மரியாதையோடு, சிரித்த முகத்தோடு, ஒரு நாள் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் எப்படிப்பட்டவர் என்பதை அலுவலகத்தில் இருப்பவர்கள் அன்றே தெரிந்துகொள்வார்கள்.